பிள்ளைக்காக நீதிமன்றம் போவது பாவமா?

திருமணப் பதிவேட்டின் நகல் கேட்டுப் பங்கு அலுவலகத்துக்கு வருவோர் பலர். கடவுச்சீட்டுக்கு என்பர் சிலர். ஓய்வூதியத்துக்கு என்பர் வேறு சிலர். காரணம் எதுவும் சொல்லாமல் நகலை வாங்கி, நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு விரைவோரும் உண்டு. இவர்கள் பெரும்பாலும் இளந்தாய்மார். சிற்சில தந்தையரும் உண்டு. வாசற்படியைத் தாண்டுமுன் திரும்பி நின்று இவர்கள் கேட்கும் கேள்வி ஏறத்தாழ ஒன்றே: "சாமி, பிள்ளைக்காகக் கோர்ட்டுக்குப் போனால் பாவமா?"

பாவமன்று என்பதே நம் விடை. இவ்வொரு வினாவுக்கு விடை தெரியாமலேயே எத்தனையோ பெற்றோர் மாதங்களையும் ஆண்டுகளையும் வீணே கழித்துவிடுகின்றனர். அதனால் இதைச் சற்று விரிவாகவே கூற விழைகிறோம்.

1992-ஆம் ஆண்டு வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2383-ஆம் பத்தியைப் பாருங்கள். சில சட்ட உரிமைகளையோ, பிள்ளைகளின் பராமரிப்பையோ, மரபுரிமைச் சொத்தையோ காத்துக்கொள்ள அரசுச் சட்டப்படியான மணமுறிவைத் தவிர வேறு வழியே இல்லை என்னும் நிலை வந்தால், அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றும், அது ஒழுக்கக் குற்றமாகாது என்றும் அங்கே கூறப்பட்டுள்ளது. திருவருட்சாதனப் பிணைப்பு அதனால் அறுந்துபோவதில்லை என்பது வேறு செய்தி. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பும், துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலாலோ ஆன்மாவாலோ கடும் ஆபத்து விளையுமாயின் பிரிந்து வாழ இடந்தருகிறது. அவ்வாறு பிரியும்போது பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் தக்க ஏற்பாடு எப்போதும் செய்யப்பட வேண்டும் என்று 1154-ஆம் விதி வற்புறுத்துகிறது. பிரிவுக்காக அரசு நீதிமன்றத்தை நாடும்போது ஆயரின் அனுமதியைக் கேட்கும் முறையும் அத்தொகுப்பில் உண்டு. பங்குத் தந்தையிடம் சொன்னால் அவர் வழிகாட்டுவார். பிள்ளையின் பொறுப்பை மட்டும் கேட்டு மனுச் செய்யவோ மணமுறிவு கேட்க வேண்டிய தேவையே இல்லை. இதை நம்மவரில் பலர் அறியார்.

"விசுவாசிகள் வழக்காடலாகாது என்று பவுலடியார் எழுதியிருக்கிறாரே!" என்பர் பெரியவர்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தை இவர்கள் எடுத்துக்காட்டுகின்றனர். அங்கே திருத்தூதர் பேசுவது சகோதரர் ஒருவரையொருவர் வஞ்சித்து, அற்ப ஆதாயங்களுக்காக வழக்காடுவதைப் பற்றி. அதே பவுலடியார், தமக்கு நீதி மறுக்கப்படும் என்று கண்டபோது, சீசரிடம் முறையிடுகிறேன் என்று உரோமைச் சட்டத்தின் துணையை நாடியதைத் திருத்தூதர் பணிகள் 25-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். நம் நகையை விட்டுக்கொடுக்கலாம், நம் பங்கு நிலத்தை விட்டுக்கொடுக்கலாம். அது புண்ணியமாகவும் அமையும். பிள்ளைக்குரியதை விட்டுக்கொடுக்க நமக்கு அதிகாரம் ஏது?

இன்னொரு மயக்கமும் நம்மிடையே உண்டு. மறைமாவட்ட நடுவர் மன்றத்தில் மனுக் கொடுத்துவிட்டால் பிள்ளை பற்றியும் அங்கேயே முடிவாகிவிடும் என்று எண்ணிச் சும்மா இருந்துவிடுகிறார்கள். திருமணப் பிணைப்பு செல்லுமா செல்லாதா என்பதே அம்மன்றம் ஆராய்வது. திருமணம் செல்லாது என்று அங்கே தீர்ந்தாலும் பிள்ளைகள் முறையான பிள்ளைகளே என்று 1137-ஆம் விதி கூறுவதால், அதுபற்றிய அச்சம் வேண்டாம். ஆனால் பிள்ளை யாரிடம் வளர்வது, ஜீவனாம்சம் எவ்வளவு என்பவற்றை நாட்டின் நீதிமன்றமே ஆணையிட்டு நிறைவேற்ற முடியும். திருச்சபை மன்றத்தின் தீர்ப்புக்கு அரசுச் சட்டத்தில் மணமுறிவுத் தீர்ப்பின் வலிமை இல்லை என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. அந்நிலையை மாற்றக் கோரிய பொதுநல வழக்கும் 2017 ஜனவரியில் தள்ளுபடியாயிற்று.

தாமதத்தால் வரும் கேடு எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இன்னாரென்று தெரியாதபடி சிறிது மாற்றியே கூறுகிறோம்.

தையல் தைத்துப் பிழைக்கும் ஒரு தாய். கணவரோடு மனக்கசப்பு. உயிர்ப்புப் பெருவிழா விடுமுறைக்கென்று ஐந்து வயது மகனை மாமியார் வீட்டார் அழைத்துச் சென்றனர். பின்பு திருப்பி அனுப்பவில்லை. "வந்து எங்களோடு இருப்பதானால் இரு, இல்லையேல் பிள்ளையை மறந்துவிடு" என்பதே அவர்கள் சொன்ன மறுமொழி. இவருடைய அண்ணன்மார், "பொறுத்திரு, கோர்ட்டுப் படி ஏறினால் குடும்ப மானம் போய்விடும்" என்றனர். அன்பியத்துப் பெரியவர்கள் இரண்டுமுறை தூது போனார்கள். பதினான்கு மாதங்கள் ஓடிவிட்டன. பையன் அவ்வூர்ப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்துவிட்டான்.

மனுச் செய்தபோதுதான் தாமதத்தின் விலை தெரிந்தது. பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே மனுப் போடவேண்டும் என்பது சட்டம். பதினான்கு மாதங்களில் அந்த ஊரே பையன் வசிக்கும் ஊராகிவிட்டதால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் இவர் இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டியதாயிற்று. எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் வாதமோ, "குழந்தை இங்கே பழகிவிட்டான், அக்கறையுள்ள தாய் பதினான்கு மாதம் வாளாவிருப்பாரா?" என்பது. நீதிமன்றம் இடைக்காலமாக மாதம் இரு சனிக்கிழமைகளில், நீதிமன்ற வளாகத்திலேயே, இரண்டு மணி நேரம் பையனைப் பார்க்க இவருக்கு அனுமதி தந்தது. முதற் சனிக்கிழமை அவன் பாட்டியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். தாய் கொண்டுபோன அதிரசத்தை வாங்கிக்கொண்டான், தாயிடம் வரவில்லை. இப்போது இரண்டு ஆண்டுகளுக்குப் பின், விடுமுறையில் பாதி நாட்கள் தாயிடம் இருக்கிறான். வழக்கு இன்னும் முடியவில்லை.

முதல் மாதத்திலேயே இவர் சட்ட உதவி நாடியிருப்பின் இதில் பெரும்பகுதி நேர்ந்திராது. தூதும் சமாதானப் பேச்சும் வேண்டாம் என்று நாம் கூறவில்லை, அவை நடக்கட்டும். மனுவும் கூடவே நடக்கட்டும். நீதிமன்றமே சமரசத்துக்கு வழி செய்கிறது. 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின்படி, இணக்கத்துக்கு முயல்வது நீதிபதியின் முதற் கடமை. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-ஆம் ஆண்டிலேயே சமரச மையம் தொடங்கப்பட்டது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். "ஐந்து வயதுவரை பிள்ளை தாயிடம்தான்" என்று திண்ணையில் சொல்லக் கேட்கிறோம். அது 1956-ஆம் ஆண்டு இந்துச் சட்டத்தில், அதுவும் பொதுவான நெறியாகவே, சொல்லப்பட்டது; நமக்கு உரியதன்று. கிறிஸ்தவர்க்குப் பொருந்துவன முக்கியமாக இரண்டு. ஒன்று, 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டம். மணமுறிவோ, நீதிமன்ற வழிப் பிரிவோ, திருமணம் செல்லாது என்னும் தீர்ப்போ கேட்டு வழக்கு நடக்கையில், பிள்ளைகளின் பொறுப்பு, செலவு, படிப்பு ஆகியவை பற்றி இடைக்கால ஆணை கேட்க அதன் 41-ஆம், 43-ஆம் பிரிவுகள் இடந்தருகின்றன. 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பிள்ளைகளின் செலவுக்கான மனுவைக் கூடியவரை 60 நாட்களுக்குள் முடிக்கவேண்டும். இரண்டாவது, 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். எல்லா மதத்தினர்க்கும் உரிய இச்சட்டத்தின்கீழ் மணவழக்கு இல்லாமலே மனுச் செய்யலாம். வழக்கறிஞரின் குமாஸ்தாக்கள் இதை 'ஜி.டபிள்யூ.ஓ.பி.' என்பர். குடும்ப நீதிமன்றம் உள்ள இடங்களில் அங்கும், இல்லாத இடங்களில் மாவட்ட நீதிமன்றத்திலும் இதைத் தாக்கல் செய்யவேண்டும். அடி உதைக்கு ஆளாகி வெளியேறிய பெண்ணாயின், 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றவியல் நடுவரிடமே பிள்ளையின் தற்காலிகப் பொறுப்பைக் கேட்கலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் அம்மனுவை எழுதித் தருவார்.

இச்சட்டங்கள் அனைத்துக்கும் உயிர்நாடி ஒன்றே: பிள்ளையின் நலன். தாயின் உரிமை, தந்தையின் உரிமை என்பவை அதற்குப் பின்னரே வரும். 1973-இல் சென்னையைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவத் தம்பதியரின் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1869-ஆம் ஆண்டுச் சட்டம் எழுதப்பட்டபோது அதில் ஆண்பிள்ளைக்கு 16 வயது, பெண்பிள்ளைக்கு 13 வயது என்றொரு வரம்பு வைத்திருந்தார்கள். அவ்வயதைத் தாண்டிய பிள்ளைகளின் நிலை என்ன என்பது அவ்வழக்கில் எழுந்த வினாக்களுள் ஒன்று. காப்பாளர் சட்டத்தைத் துணைக்கொண்டு நீதிபதிகள் அதற்கு விடை கண்டார்கள். பிள்ளைகள் உடைமைப் பொருள்களும் அல்லர், பெற்றோரின் விளையாட்டுப் பொம்மைகளும் அல்லர் என்ற கருத்தை அத்தீர்ப்பு நிலைநாட்டிற்று. பிள்ளைப் பொறுப்பு பற்றிய ஆணைகள் இயல்பிலேயே தற்காலிகமானவை. சூழ்நிலை மாறினால் ஆணையும் மாறலாம் என்றும் அது தெளிவாக்கிற்று. ஆகவே ஒருமுறை தோற்றவர் என்றென்றைக்கும் தோற்றவர் அல்லர். வென்றவரும் பிள்ளையைச் சொத்தாகப் பூட்டிவைக்க முடியாது.

கலப்பு மணம் புரிந்தோர் சிலர், "பிள்ளைக்குத் திருமுழுக்கு ஆகியிருக்கிறதே, கோர்ட்டு நமக்குத்தானே கொடுக்கும்?" என்று கேட்கின்றனர். பிள்ளையின் மதத்தையும் நீதிமன்றம் கருத்திற் கொள்ளும் என்று காப்பாளர் சட்டத்தின் 17-ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் வயது, பெற்றோரின் ஒழுக்கம், வளர்க்கும் திறன் என்று நீளும் பலவற்றுள் அதுவும் ஒன்று, அவ்வளவே. பிள்ளையை நன்றாக வளர்க்காதவருக்குத் திருமுழுக்குச் சான்றிதழ் வழக்கை வென்று தராது. தந்தானாலும் அதை நாம் விரும்பப் போவதில்லை.

"வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை" என்பதே அடுத்த தடை. இந்தத் தடையைச் சட்டம் என்றோ நீக்கிவிட்டது; செய்திதான் நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை. 1987-இல் நிறைவேறி 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, எந்தப் பெண்ணுக்கும், எந்தக் குழந்தைக்கும், வருமானம் எவ்வளவாயினும், இலவசமாக வழக்கறிஞர் அமர்த்தப்படுவார். நீதிமன்றக் கட்டணமும் நகல் செலவும் அதில் அடங்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு உள்ளது. வட்டத் தலைநகர் நீதிமன்றத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு உள்ளது. வெள்ளைத்தாளில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம், கட்டணம் இல்லை. திருமணப் பதிவு நகல், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக் கட்டண இரசீது, மருத்துவச் சீட்டு, குடும்ப அட்டை ஆகியவற்றைக் கையோடு கொண்டு செல்க. பிள்ளைக்கு யார் ஊசி போட அழைத்துச் சென்றார், யார் பள்ளிக்கூட்டத்துக்குப் போனார் என்பன போன்ற சிறு தாள்களே பெரிய சாட்சிகளாகும்.

தந்தையர்க்கு இவ்வுதவி அத்தனை எளிதாகக் கிட்டுவதில்லை. அரசு வகுத்த வருமான வரம்புக்குள் இருப்பவர், தொழிற்சாலைத் தொழிலாளர், மாற்றுத்திறனாளி முதலியோருக்கே உண்டு. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் உண்டு. ஆனால் 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவரின் ஆணையால் நம் தலித் கிறிஸ்தவர்கள் அப்பட்டியலுக்கு வெளியே நிற்கின்றனர். ஒரே தெருவில், ஒரே வேலை செய்யும் அண்ணன் தம்பியருள் ஞானஸ்நானம் பெற்றவர் மட்டும் வருமானச் சான்றுக்காக வட்டாட்சியர் அலுவலகத்தில் காத்திருக்கும் கொடுமையை என்னென்பது! எனினும் சோர்ந்துவிட வேண்டாம். கூலி வேலை செய்யும் தந்தைக்கு வருமானச் சான்றே போதுமானது.

குடும்ப நீதிமன்றத்தைப் பற்றி நம் மக்கள் கொண்டுள்ள அச்சத்தில் பாதி திரைப்படம் தந்தது. அங்கே கூண்டில் ஏற்றி ஊரார் முன் கேள்வி கேட்பதில்லை. வேண்டினால் விசாரணை மூடிய அறையில் நடக்கும். வழக்கறிஞர் வைத்தே தீரவேண்டும் என்பதும் இல்லை, நீங்களே பேசலாம். விவரம் தெரிந்த பிள்ளையாயின் நீதிபதி அதைத் தனியே அழைத்துப் பேசுவதுண்டு. இதற்கென்று வயது வரையறை எதுவும் இல்லை. பிள்ளையின் விருப்பத்தைக் கேட்பாரே தவிர, அதன்படியே நடப்பார் என்பதும் இல்லை.

இவ்விடத்தில் பெற்றோரிடம் சற்றுக் கடிந்தே பேச விரும்புகிறோம். நீதிபதி முன் என்ன சொல்லவேண்டும் என்று ஏழு வயதுப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்விக்கிறீர்களே, அதன் பெயர் என்ன? பள்ளி வாயிலில் காத்திருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள்; அதற்குப் பெயர் அன்பா? தாயைப் பற்றித் தந்தையும், தந்தையைப் பற்றித் தாயும் பிள்ளையின் காதில் ஓதும் நஞ்சை எந்த நீதிமன்ற ஆணையும் பின்னர் வடித்தெடுக்க இயலாது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' மடலில், பிரிந்த பெற்றோர் பிள்ளைகளைப் பிணைக்கைதிகளாக்கலாகாது என்று மன்றாடியிருக்கிறார். சாலமோன் அரசர் வாளைக் கொண்டுவரச் சொன்ன நிகழ்ச்சியை நாம் மறைக்கல்வி வகுப்பில் கற்பித்து வருகிறோம். அங்கே ஒருத்தி பொய்த் தாய். ஆகவே வழக்கு எளிதாயிற்று. நம்மிடம் வரும் வழக்கிலோ இருவரும் உண்மைப் பெற்றோர். வாளை இருவருமே பிடித்திருப்பதுதான் துன்பம்.

செலவு கொடுக்காத தந்தைக்குப் பிள்ளையைக் காட்டமாட்டேன் என்பதும், காட்டாத தாய்க்குச் செலவு கொடுக்கமாட்டேன் என்பதும் நாம் அடிக்கடி கேட்பவை. இரண்டும் சட்டப்படி தவறு. ஜீவனாம்சத்தை 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவின்கீழ்த் தனியே கேட்கலாம். இருதரப்பும் தங்கள் வருமானத்தையும் சொத்தையும் உறுதிமொழித் தாளில் வெளியிடவேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டுள்ளது. மனுச் செய்த நாளிலிருந்தே தொகை கணக்காகும். பிள்ளையைக் காணும் உரிமையோ வேறு. அதே 2020-ஆம் ஆண்டின் வேறொரு தீர்ப்பு, தொலைவில் இருக்கும் பெற்றோர்க்குக் காணொளி அழைப்பில் பிள்ளையோடு பேசவும் வழிசெய்ய வேண்டும் என்றது. வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் கடற்கரைப் பங்குகளின் தந்தையர் இதை மனத்திற் கொள்க. பிள்ளை நாடு விட்டு நாடு கொண்டுசெல்லப்பட்டால் வழக்கு இன்னும் கடினமாகும். பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவது பற்றிய 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா இதுவரை சேரவில்லை. ஆதலின் பிள்ளையின் கடவுச்சீட்டு எங்கே இருக்கிறது என்பதில் கருத்தாயிருங்கள்.

பங்கு மக்களிடமும் ஒரு வார்த்தை. பிரிந்து வாழும் தாய் ஞாயிறு திருப்பலிக்கு வரும்போது இருக்கையை நகர்த்திக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. மறுமணம் செய்யாமல் பிரிந்து வாழ்வோர்க்கு நற்கருணை உட்கொள்ளத் தடையேதும் இல்லை. ஞானப்பெற்றோர் என்போர் திருமுழுக்கன்று தங்க மோதிரம் போடுவதோடு கடமை முடிந்ததாக எண்ணுகின்றனர். வாய்தா நாளன்று அந்தத் தாயோடு பேருந்தில் போய்வருவதும் ஞானப்பெற்றோர் கடமையே. அப்பெண்ணின் வீட்டுக்கு வின்சென்ட் தே பவுல் சபையார் அரிசி கொடுத்துவிடுகின்றனர். போக்குவரத்துச் செலவையும் அவர்கள் ஏற்றால் பெரிதும் உதவும். நம் பள்ளித் தலைமை ஆசிரியைகளான அருட்சகோதரிகள், பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்று நம்மைக் கேட்கிறார்கள். நீதிமன்ற ஆணையின் நகலை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு அதன்படி நடப்பதே முறை. ஆணை இல்லாதபோது ஒரு தரப்பின் வாய்மொழியை மட்டும் நம்பி மற்றவரை விரட்ட வேண்டாம்.

நீதிமன்ற வளாகத்தில் பிள்ளையைச் சந்திப்பது பிஞ்சு உள்ளங்களுக்குக் கடினமாயிருப்பதைக் கண்டு, இரு குடும்பத்தாரும் வழக்கறிஞர்களும் கேட்டுக்கொண்டபடி, நம் பங்கில் மறைக்கல்வி அறையைச் சனிக்கிழமை மாலை 4 மணி முதல் 6 மணி வரை ஒதுக்கியிருக்கிறோம். நீதிபதியும் இதை ஆணையில் குறித்துத் தந்தார். இப்போது இரண்டு குடும்பங்கள் வருகின்றன. கரும்பலகையும் ஒரு பந்தும் உண்டு. உபதேசியார் வெளியே வேப்பமரத்தடியில் அமர்ந்திருப்பார், உள்ளே போகமாட்டார். வேண்டுவோர் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அறைச் சாவி கோவில்பிள்ளையிடம் இருக்கிறது.